பெட்டி போல இருக்கும் பழைய எம்ஆர்2 இன்னும் கெத்துதானா? வாங்குமுன் நீங்களே பார்த்துக்கொள்ளும் வழி

முதல் தலைமுறை டொயோட்டா எம்ஆர்2 என்ற குட்டி ஸ்போர்ட்ஸ் காரை போட்டோவில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். போட்டோவில் அது ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து, வெட்டி, மடித்து ஒட்டிய அட்டைப் பெட்டி மாதிரிதான் தெரியும். என்னிடம் ஒன்று இருக்கிறது. "இந்தப் பெட்டியையா இத்தனை வருஷமாக வைத்திருக்கிறாய்?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய் வந்தவர்கள் மட்டும் அதைத் திரும்பக் கேட்பதில்லை.

அதனால் என் பதில், கெத்துதான். ஆனால் கார் ஒழுங்காக இருந்தால்தான். கீழே துரு அரித்து, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஒழுகி, ஐந்தாவது கியர் தானாகக் கழன்று விழுகிற எம்ஆர்2 வெறும் தலைவலி. பழைய கார் பார்க்கப் போகும் நண்பர்கள் என்னையும் கூட்டிக்கொண்டு போவது வழக்கம். அங்கே நான் எதை, எந்த வரிசையில் பார்ப்பேனோ அதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் கண்ணுக்கும் முதுகுக்கும் பிடிக்கிறதா?

இந்தக் கார் 1983 டோக்கியோ மோட்டார் ஷோவில் எஸ்வி-3 என்ற பெயரில் மாதிரியாக வந்தது. 1984-ல் விற்பனைக்கு வந்து, 1984-85க்கான ஜப்பான் கார் ஆஃப் த இயர் விருதையும் வாங்கியது. திட்டத்தை நடத்தியவர் அகியோ யோஷிடா. அப்போது நேர்கோடுதான் ஃபேஷன். 1989-ல் மாஸ்டாவின் குட்டி ஸ்போர்ட்ஸ் கார் எம்எக்ஸ்-5 வந்தது, அதே ஆண்டு இரண்டாம் தலைமுறை எம்ஆர்2-வும் வந்தது. இரண்டுமே உருண்டை வடிவம். அவற்றின் பக்கத்தில் நிறுத்தியதும் இது ஒரே நாளில் கிழடாகிவிட்டது. "பெட்டி" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அந்த ஒப்பீட்டில்தான்.

நேரில் போனால் உடனே பானட்டைத் திறக்காதீர்கள். சற்றுத் தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். நீளம் ஏறக்குறைய 3.9 மீட்டர், உயரம் வெறும் 1.25 மீட்டர். கதவுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் மூக்கு இவ்வளவு தாழ்வு, கேபின் இவ்வளவு முன்னால். கதவுக்குப் பின்னால் இருக்கும் காற்றுத் திறப்பு அழகுக்கு வைத்ததல்ல, எஞ்சின் மூச்சு வாங்குவது அந்த வழியாகத்தான். ஹெட்லைட்டுகள் மடங்கி உள்ளே போவதும் அந்தத் தாழ்ந்த மூக்குக்காகத்தான். இந்தக் கோடுகளில் எதையும் காரணம் இல்லாமல் போடவில்லை. இதையெல்லாம் பார்த்தும் மனசுக்கு ஒட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பிறர் கெத்து என்று சொல்வதற்காகப் பழைய கார் வாங்கிய யாரும் அதை அடுத்த மழைக்காலம் தாண்டி வைத்திருந்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் உள்ளே உட்காருங்கள். கண்ணாடியைத் தாங்கும் தூண்கள் மெலிசு. ஜன்னலின் கீழ்விளிம்பு தாழ்வு. இன்றைய கார்களில் கோட்டைக்குள் உட்கார்ந்து துவாரம் வழியாகப் பார்க்கிறோம். இதில் முன்மூலை எங்கே முடிகிறது என்று தலையைத் தூக்காமலே தெரியும். இரண்டு இருக்கைக்கும் நடுவே உயரமாக ஒரு மேடு ஓடும், அதற்குள்தான் பெட்ரோல் டேங்க். எஞ்சின் சத்தம் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். எனக்கு இந்தக் காரின் பாதி கெத்து இந்த இருக்கையில்தான்.

வேகத்தை நம்பி வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. 1,587 சிசி, 16 வால்வு 4ஏ-ஜிஇ எஞ்சின், அமெரிக்காவில் விற்றபோது 112 குதிரைசக்தி என்று கணக்குக் காட்டியது. காரின் எடை ஒரு டன்னைச் சற்றுத் தாண்டும். இன்றைய சாதாரணக் குடும்பக் காரே சிக்னலில் இதை முந்திப் போகும். போகட்டும். வளைவு வரும்போதுதான் இந்தக் கார் என்ன என்று தெரியும்.

எந்த வருஷத்துக் கார்?

இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். 1984 முதல் 1989 வரை வந்தவை எல்லாம் அடிப்படையில் ஒன்றே. ஜப்பானில் 1.5 லிட்டர் எஞ்சினோடும் விற்றார்கள், அது வேண்டாம். கழற்றக்கூடிய இரண்டு கண்ணாடிப் பலகைகள் கொண்ட டி-பார் கூரை 1986-ல் செய்த மாற்றங்களோடு வந்தது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜர் வைத்த 4ஏ-ஜிஇசட்இ எஞ்சினும் அதே ஆண்டு ஜப்பானில் வந்தது, அமெரிக்காவுக்கு 1988-ல் போனது. அதில் 145 குதிரைசக்தி. இழுவை நன்றாக இருக்கும், கியர்பாக்ஸும் பலமானது. ஆனால் முதல் எம்ஆர்2 வாங்குபவருக்கு நான் சாதாரண எஞ்சினையே சொல்வேன். பார்க்க வேண்டியது குறைவு, எஞ்சின் வேகம் ஏற ஏற வரும் சுகமும் அதில்தான் சுத்தமாக இருக்கும். ஆட்டோமேட்டிக் கியர் போட்டதும் உண்டு. அதைப் பற்றி மேலே பேச எனக்கு ஒன்றும் இல்லை.

துரு: இங்கேதான் பணம் போகும்

கையில் ஒரு டார்ச், துணியில் சுற்றிய சின்னக் காந்தம், மண்டி போட்டு உட்காரத் தயங்காத பேன்ட். இவ்வளவு போதும். பெயிண்ட் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். பட்டி பூசித் தேய்த்துப் பெயிண்ட் அடித்தால் எந்தக் காரும் ஆறு மாசத்துக்குப் புதுசுதான்.

முதலில் பின்சக்கர வளைவு. வெளியே பார்த்தால் போதாது. விரல்களை உள்ளே விட்டு, தகடு மடியும் விளிம்பு நெடுகத் தடவுங்கள். நல்ல தகடு ஒரே சீராக இருக்கும். துருப் பிடித்த இடத்தில் விளிம்பு பொருபொருவென்று இருக்கும், விரலில் செம்பழுப்புத் தூள் ஒட்டும். இரண்டு பக்கமும் ஒரே கனத்தில் இல்லையென்றால் ஒரு பக்கம் பட்டி. காந்தத்தை அங்கே வையுங்கள். பிடிக்காமல் வழுக்கினால் உள்ளே தகடு இல்லை என்று அர்த்தம்.

அடுத்து, பின்சக்கரத்துக்கு முன்னால் கதவுக்குக் கீழே ஓடும் பகுதி. மேலிருந்து வரும் தண்ணீர் வெளியேறும் துளைகள் அடைத்துக்கொண்டால் அங்கேதான் தேங்கும். கட்டைவிரலால் அழுத்துங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் பெயிண்டுக்கு அடியில் தகடு செத்துவிட்டது. முன் மூடியைத் திறந்து ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அது இருந்த குழியின் அடிப்பாகத்தையும் பாருங்கள். ஸ்டெப்னியைத் தூக்கச் சொன்னால் முகம் சுளிக்கும் விற்பனையாளரிடம் இன்னும் கவனமாக இருங்கள்.

டி-பார் கூரை என்றால் கால் வைக்கும் இடத்துக் கார்ப்பெட்டை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம் இருந்தால் மேலே ரப்பர் ஒழுகுகிறது, கீழே தரை அரித்துக்கொண்டிருக்கிறது. என் காரிலும் டி-பார்தான். ஒழுகாத டி-பார் கூரை என்று யாராவது சொன்னால் மழையில் நிறுத்திக் காட்டச் சொல்வேன்.

எல்லாத் துருவும் ஒன்றல்ல. சக்கர வளைவு, கதவோரம் எல்லாம் டிங்கரிங் தெரிந்த கை இருந்தால் வெட்டிப் புதுத்தகடு வைத்துச் சரி செய்யலாம். சஸ்பென்ஷன் மேலே வந்து பொருந்தும் இடங்கள், அடியில் அதன் கைகள் பிடித்திருக்கும் இடங்கள், இவற்றில் துரு இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். காரின் அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்பு பூசியிருந்தாலும் அப்படித்தான். எஞ்சினை வேறொரு காரிலிருந்து எடுத்து வைக்கலாம். 4ஏ-ஜிஇ அந்தக் காலத்து ஏஇ86 கொரோலா உட்பட டொயோட்டாவின் பல கார்களில் வந்தது. உடம்பை அப்படி எடுத்து வைக்க முடியாது.

குளிர்ந்த எஞ்சின், நீளமான குழாய்

போகுமுன் போனில் சொல்லிவிடுங்கள்: "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்." போனதும் எஞ்சின் மூடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வேன்.

இந்தக் காரில் எஞ்சின் நடுவில், ரேடியேட்டர் மூக்கில். இரண்டையும் இணைக்கும் கூலன்ட் குழாய்கள் காரின் அடியிலேயே போய் வருகின்றன. இரும்புக் குழாய் என்பதால் துருப் பிடிக்கும், ஜாக்கியைத் தவறான இடத்தில் வைத்தால் நசுங்கும். டார்ச் அடித்து முழு நீளத்தையும் பாருங்கள். காய்ந்த பச்சைக் கறையோ சிவப்புக் கறையோ தெரிந்தால் அங்கே ஒழுகல்.

இவ்வளவு நீளமான சுற்றில் காற்று மாட்டிக்கொள்வதுதான் இந்தக் காரின் நிஜமான வியாதி. சாதாரண கார் மாதிரி மேலே ஊற்றி மூடிவிட்டுப் போகும் மெக்கானிக்கிடம் கொடுத்தால், காற்றுக் குமிழி எஞ்சின் ஹெட்டில் போய் நிற்கும். சூடு காட்டும் முள் திடீரென்று ஏறும், ஹீட்டரில் சூடு வராது, ஐடிலில் ஆர்பிஎம் ஏறி இறங்கி ஊஞ்சல் ஆடும். அதைப் பார்த்து ஹெட் கேஸ்கட் (எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது என்று எஞ்சினையே பிரித்த கதைகள் உண்டு.

காற்றை எடுக்கும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். எஞ்சின் முழுசாக ஆறியிருக்க வேண்டும். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். முன்பக்கம் இரண்டு இடத்தில் காற்று வெளியேற்றும் திருகு உண்டு, ஒன்று ரேடியேட்டரில், இன்னொன்று ஹீட்டருக்குப் போகும் குழாயில். இரண்டிலும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைத் திறந்திருக்கும் முன் மூடியில் உயரமாகக் கட்டுங்கள். திருகுகளைத் திறந்துவிட்டு, பின்னால் எஞ்சின் பக்கம் இருக்கும் வாயில் கூலன்ட்டை மெதுவாக ஊற்றுங்கள். முதலில் முன் குழாய்களில் குமிழியாக வரும், நடுநடுவே வெறும் காற்று. ஊற்றிக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் குமிழி நின்று, திரவம் குழாயில் ஏறி ஒரு மட்டத்தில் அசையாமல் நிற்கும். அப்போது திருகுகளை மூடுங்கள். பிறகு எஞ்சினை ஓட விட்டு ஃபேன் சுழலும்வரை முள்ளைப் பாருங்கள். ஆறவைத்து, குறைந்திருந்தால் ஊற்றுங்கள். விற்பவரிடம் "கூலன்ட் மாற்றியது யார், எப்படிக் காற்று எடுத்தார்?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலிலேயே அந்தக் கார் யார் கையில் வளர்ந்தது என்று தெரிந்துவிடும்.

எஞ்சினும் கியரும்

4ஏ-ஜிஇ உழைக்கும் எஞ்சின். அதன் ஹெட்டை யமஹாவோடு சேர்ந்து உருவாக்கினார்கள். டைமிங் பெல்ட்டை லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இத்தனை வயதான காரில் கிலோமீட்டரை விட வருஷத்தைப் பாருங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள். இந்த 16 வால்வு எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் இடிக்காது என்பது ஒரு ஆறுதல். சிலர் பின்னாளில் வந்த 20 வால்வு எஞ்சினை எடுத்து இதில் பொருத்தியிருப்பார்கள், அதில் இந்த ஆறுதல் கிடையாது. எது உள்ளே இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது இரண்டாம் கியரில் 3,000 ஆர்பிஎம்மிலிருந்து ரெட்லைனுக்குக் கொஞ்சம் கீழே வரை விடுங்கள். ரெட்லைன், அதாவது எஞ்சின் தாண்டக்கூடாத எல்லை, 7,500. டி-விஸ் என்றொரு ஏற்பாடு, கீழ் ஆர்பிஎம்மில் காற்றுப் பாதைகளில் பாதியை மூடி வைத்திருந்து 4,400 வாக்கில் திறந்துவிடும். அந்த இடத்தில் சத்தம் மாறி, இழுவை கூடுவது தெளிவாகத் தெரிய வேண்டும். ஒன்றும் மாறவில்லையென்றால் டி-விஸ் வேலை செய்யவில்லை. பெரும்பாலும் வாக்குவம் குழாய் சமாசாரம்தான், ஆனால் பேரம் பேச உதவும்.

சாதாரண எஞ்சினோடு வரும் கியர்பாக்ஸின் பெயர்போன கோளாறு, ஐந்தாவது கியர் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுவது. சோதிப்பது இப்படி: காலியான நேர்ச்சாலையில் ஐந்தாவதில் போகும்போது ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள், விடுங்கள், திரும்ப அழுத்துங்கள். கையைக் கியர் தண்டில் வைக்காதீர்கள், பார்க்க மட்டும் செய்யுங்கள். தண்டு துள்ளி வெளியே வந்தால் கியர்பாக்ஸை இறக்கும் செலவு. "கையால் பிடித்துக்கொண்டு ஓட்டினால் ஒன்றும் ஆகாது" என்று ஒருவர் என்னிடம் முகம் மாறாமல் சொன்னார்.

சூப்பர்சார்ஜர் காராக இருந்தால் மின்காந்த கிளட்ச் பிடிக்கும்போது டாஷ்போர்டில் பச்சை விளக்கு எரிய வேண்டும், எஞ்சின் பக்கமிருந்து அரைக்கும் சத்தம் வரக்கூடாது.

மீதிச் சாமான்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஹெட்லைட் இரண்டும் ஒரே வேகத்தில் எழும்புகிறதா, ஜன்னல் ஏறி இறங்குகிறதா, பின் மூடி நிற்கிறதா. இருக்கைத் துணி கிழிந்திருந்தால் தைத்துக்கொள்ளலாம். டி-பார் ரப்பர், பிளாஸ்டிக் அலங்காரத் துண்டுகள், விளக்குக் கண்ணாடி இவை உடைந்திருந்தால்தான் கஷ்டம், எஞ்சின் சாமான் கிடைப்பது போல இவை கிடைப்பதில்லை.

ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள்

இதில் பவர் ஸ்டியரிங் இல்லை, ஏபிஎஸ் இல்லை, ஏர்பேக் இல்லை. நிறுத்தும்போது ஸ்டியரிங் கனம், ஓடத் தொடங்கியதும் சாலையின் ஒவ்வொரு கல்லும் உள்ளங்கைக்கு வரும். சஸ்பென்ஷனைச் சீர்படுத்த பிரிட்டனின் லோட்டஸ் கார் கம்பெனிப் பொறியாளர் ரோஜர் பெக்கர் உதவினார். அதை வைத்து "காரே லோட்டஸ் செய்தது" என்று கதை விடுவார்கள், அது டொயோட்டாவின் கார்தான்.

எடை பின்னால் கூடுதல் என்பதால் ஒரு பழக்கத்தை மாற்றியே ஆக வேண்டும். முன்சக்கர இழுவைக் காரில் வளைவுக்குள் வேகம் அதிகம் என்று பயந்தால் ஆக்சிலரேட்டரை விட்டுவிடுவோம், கார் அடங்கிவிடும். இதில் வளைவின் நடுவே சட்டென்று விட்டால் எடை முன்னால் சாய்ந்து, பின்பக்கம் லேசாகி, வால் வெளியே வீசும். மழையில் இன்னும் சீக்கிரம். வளைவுக்கு முன்பே பிரேக் போட்டு முடியுங்கள், உள்ளே போனபின் ஆக்சிலரேட்டரில் கால் சீராக இருக்கட்டும், வெளியே வரும்போது கூட்டுங்கள். வாங்கியதும் பயிற்சிக்களம் ஒன்றில், ஈரத்தளத்தில், தெரிந்தவர் பக்கத்தில் இருக்க இதைப் பழகுங்கள். சாலையில் பழக வேண்டாம்.

டயர் இதில் பாதி வேலை. நான்கு சக்கரத்துக்கும் 185/60 ஆர்14 தான் கம்பெனி அளவு. நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே வயது. டிரெட் ஆழமாக இருந்தும் பத்து வருஷப் பழசான டயரை நம்பி இந்தக் காரில் மழையில் போகவே போகாதீர்கள். பக்கச் சுவரில் தயாரித்த வாரமும் வருஷமும் நான்கு எண்ணாக இருக்கும், குனிந்து படியுங்கள்.

தரையைத் தொடும் அளவுக்கு இறக்கி, அகலமான பெரிய சக்கரம் மாட்டிய காரை நான் வாங்க மாட்டேன். சஸ்பென்ஷன் வேலை செய்ய இடம் இல்லாமல் போகும், ஸ்டியரிங்கில் வரும் அந்தப் பேச்சும் செத்துவிடும். கழற்றிய பழைய ஸ்பிரிங்கும் சக்கரமும் விற்பவரின் வீட்டில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இருந்தால் அவற்றையும் விலையில் சேர்த்துப் பேசுங்கள்.

வாங்கி வந்த முதல் வாரத்தில் பெல்ட், ரப்பர் ஹோஸ்கள், பிரேக் ஆயில், கியர் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பழைய ஆள் நேற்றுத்தான் மாற்றியதாகச் சொன்னாலும் சரி. பின் டிக்கியில் சூடு பட்டால் கெடும் எதையும் வைக்காதீர்கள், அடியிலேயே சைலன்சர் போகிறது. ஹெட்லைட் மோட்டாரில் ரப்பர் மூடிக்குள் ஒரு குமிழ் இருக்கும். மோட்டார் நின்றுபோனால் அதைத் திருகிக் கையாலேயே விளக்கை எழுப்பலாம். பகல் வெளிச்சத்தில் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள், ராத்திரியில் தேடினால் கிடைக்காது.